நாலு இட்லி ஏன் பதினொரு மணிக்கே தீர்ந்துபோகிறது?

காலை எட்டு மணிக்கு நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி. சாப்பிட்டு எழும்போது வயிறு நிறைந்துதான் இருக்கிறது. ஆனால் பதினொரு மணிக்கெல்லாம் கை தானாக பிஸ்கட் டப்பாவைத் தேடுகிறது. அதே ஆள் இன்னொரு நாள் இரண்டு அடையும் ஒரு கிண்ணம் தயிரும் சாப்பிட்டால், ஒன்றரை மணி வரை சாப்பாட்டு நினைப்பே வருவதில்லை. கலோரியில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் ஒன்றும் கிடையாது. பிறகு ஏன் ஒன்று தாங்குகிறது, இன்னொன்று தாங்குவதில்லை?

யாரைக் கேட்டாலும் "அடையில் புரதம் அதிகம்" என்பார்கள். சரிதான். ஆனால் புரதம் என்ன செய்கிறது என்று கேட்டால் இரண்டு விதமாகப் பதில் வரும். புரதம் பசியை அடக்கும் என்பது ஒன்று. புரதத்தைச் செரிக்கவே உடம்பு நிறைய கலோரியை எரித்துவிடும், அதனால் எடை குறையும் என்பது மற்றொன்று. ஜிம் பக்கம் போனால் இரண்டாவதைத்தான் அதிகம் கேட்கலாம். இரண்டுமே உண்மை என்றாலும் இரண்டும் ஒரே அளவு பெரிய விஷயமில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் முதலாவதற்கு முன்னால் இரண்டாவது மிகச் சின்னது. மாவுச்சத்தின் கதையும் "சோறு கெட்டது" என்ற ஒரு வரியில் முடிகிற கதை இல்லை.

கலோரிக் கணக்கில் விடுபட்ட செலவு

பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம் இருக்கும் கலோரி எண்ணுக்கு அடிப்படை எளிமையானது. ஒரு கிராம் புரதத்துக்கு 4 கலோரி, ஒரு கிராம் மாவுச்சத்துக்கு (சர்க்கரையும் இதில் சேர்த்தி) 4, ஒரு கிராம் கொழுப்புக்கு 9. (சரியாகச் சொன்னால் கிலோகலோரி, பேச்சு வழக்கில் எல்லோரும் கலோரி என்றே சொல்கிறோம், இங்கேயும் அப்படியே.) இந்த எண்களை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வகுத்தவர் வில்பர் அட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளர். உணவை எரித்தால் எவ்வளவு வெப்பம் வருகிறது என்று பார்த்து, அதிலிருந்து மலத்திலும் சிறுநீரிலும் போய்விடுவதைக் கழித்தார். மீதி உடம்புக்குக் கிடைப்பது. நூறு வருஷம் தாண்டியும் அதே எண்கள் புழக்கத்தில் இருக்கின்றன, பெரிய தப்பும் இல்லை.

அவர் கழிக்காமல் விட்டது ஒன்று உண்டு. சாப்பிட்டதைச் செரித்து, உறிஞ்சி, உருமாற்றிச் சேர்த்துவைக்கவும் உடம்பு ஆற்றல் செலவழிக்கிறது. சாப்பிட்ட பிறகு மனிதர்கள் அதிக ஆக்சிஜனை இழுக்கிறார்கள் என்பதை பிரான்சில் லவாய்சியர் 18ஆம் நூற்றாண்டிலேயே கவனித்திருந்தார். அதற்கு நூறு வருஷம் கழித்து, ஜெர்மனியில் மாக்ஸ் ரூப்னர் நாய்களுக்கு மாமிசம், கொழுப்பு, சர்க்கரை என்று தனித்தனியாகக் கொடுத்து, உடம்பிலிருந்து வெளியேறும் வெப்பத்தை அளந்தார். மாமிசம் தின்ற நாயிடம்தான் வெப்பம் அதிகம் ஏறியது. இதை இன்று உணவின் வெப்ப விளைவு என்கிறார்கள்.

ஒரு நாளில் நாம் எரிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 60 முதல் 70 சதவீதம் சும்மா படுத்திருந்தாலே ஆகிற செலவு. இதயம் துடிக்க, மூச்சு விட, மூளையும் கல்லீரலும் வேலை செய்ய அது போய்விடும். உணவின் வெப்ப விளைவு சுமார் 10 சதவீதம். மிச்சம் நடப்பது, நிற்பது, மாடி ஏறுவது, உடற்பயிற்சி. அந்தப் பத்து சதவீதத்துக்குள்தான் புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் உள்ள வேறுபாடு வருகிறது.

பணம் அனுப்பும்போது பிடிக்கிற கமிஷன் மாதிரி இதை எடுத்துக்கொள்ளலாம். நூறு கலோரி கொழுப்பு சாப்பிட்டால் கமிஷன் 0 முதல் 3 கலோரிதான். மாவுச்சத்துக்கு 5 முதல் 10. புரதத்துக்கு 20 முதல் 30.

புரதத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு? கொழுப்பைச் சேர்த்துவைக்க உடம்பில் தாராளமாக இடம் உண்டு. பெரிய மாற்றமில்லாமல் அப்படியே போய் உட்கார்ந்துகொள்ளும். குளுக்கோஸை கல்லீரலும் தசையும் கிளைகோஜனாகக் கோத்து வைத்துக்கொள்ளும், அதற்குக் கொஞ்சம் செலவு. புரதத்துக்கு அப்படிக் கிடங்கு கிடையாது. செரித்து உடைந்து வந்த துண்டுகளான அமினோ அமிலங்களை வைத்து உடம்பு புதுப் புரதங்களைக் கட்ட வேண்டும். ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் சங்கிலியில் சேர்ப்பதற்கு ஆற்றல் செலவாகும். கட்டி மிஞ்சியதை எரிபொருளாக்க வேண்டுமென்றால் முதலில் அதிலுள்ள நைட்ரஜனைக் கழற்ற வேண்டும். கழற்றிய நைட்ரஜன் அம்மோனியாவாக ரத்தத்தில் சுற்றினால் விஷம். அதனால் கல்லீரல் அதை யூரியாவாக மாற்றி சிறுநீரகத்துக்கு அனுப்புகிறது. அதற்கும் தனிச் செலவு.

இப்போது கணக்கு. ஒருவர் தினம் 2,000 கலோரி சாப்பிடுகிறார், அதில் 15 சதவீதம் புரதம். அதாவது 300 கலோரி, 75 கிராம். அவர் 300 கலோரி மாவுச்சத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் புரதத்தை வைத்து, 30 சதவீதமாக, 150 கிராமாக உயர்த்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாற்றிய 300 கலோரி மாவுச்சத்தாக இருந்தபோது கமிஷன் சராசரியாக 8 சதவீதம், அதாவது 24 கலோரி. புரதமான பிறகு 25 சதவீதம், அதாவது 75 கலோரி. வித்தியாசம் 51 கலோரி. இரண்டு மாரி பிஸ்கட்.

புரதத்தை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது அவ்வளவுதான். 150 கிராம் என்பதோ இருபத்தைந்து முட்டையின் புரதம். நம் வீட்டுச் சமையலில் அதை எட்டிப் பிடிப்பதே பெரும்பாடு. புரதம் சாப்பிட்டால் தசை கூடும், தசை கலோரியை எரித்துத் தள்ளும் என்ற பேச்சுக்கும் இதே கதி. ஓய்வில் இருக்கும் ஒரு கிலோ தசை ஒரு நாளில் எரிப்பது சுமார் 13 கலோரி. மாசக்கணக்கில் எடை தூக்கி இரண்டு கிலோ தசை கூட்டினாலும் 26 கலோரிதான். தசைக்கு வேறு நன்மைகள் ஏராளம், வயசான காலத்தில் கீழே விழாமல் காப்பது உட்பட. கலோரி எரிக்கும் அடுப்பு என்ற விளம்பரம் மட்டும் கொஞ்சம் ஓவர்.

பசி எப்படி அடங்குகிறது

சரி, எரிப்பதில் பெரிய லாபமில்லை. அப்படியானால் புரதம் எங்கேதான் வேலை செய்கிறது?

சாப்பிடும்போது முதலில் தகவல் சொல்வது இரைப்பையின் சுவர். அது விரியும்போது நரம்புகள் வழியாக மூளைக்குச் செய்தி போகிறது. இரைப்பைக்குக் கலோரி தெரியாது, பருமன்தான் தெரியும். வயிறு முட்ட ரசம் குடித்தாலும் கொஞ்ச நேரம் நிறைந்த மாதிரி இருப்பது இதனால்தான். அது நிலைக்காததற்குக் காரணம், அடுத்த கட்டத்தில் சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை.

அடுத்த கட்டம் சிறுகுடல். உணவு அங்கே இறங்கியதும் குடல் சுவரில் உள்ள செல்கள் அதில் என்ன வந்திருக்கிறது என்று பார்த்து ஹார்மோன்களை வெளியிடுகின்றன. கொலிசிஸ்டோகைனின், ஜி.எல்.பி.-1, பி.ஒய்.ஒய். ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இவை இரண்டு வேலை செய்யும். மூளையிடம் "போதும்" என்று சொல்லும். இரைப்பையிடம் "மெதுவாக அனுப்பு" என்று சொல்லும். எதிர்த் திசையில் பசியைத் தூண்டுவதற்கு கிரெலின் இருக்கிறது. 1999இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்த இந்த ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையில்தான் சுரக்கிறது. சாப்பாட்டு வேளைக்கு முன்னால் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். இந்த அடக்கும் ஹார்மோன்களைக் கூட்டுவதிலும் கிரெலினைத் தாழ்த்தி வைப்பதிலும் புரதத்துக்கு நல்ல பங்கு உண்டு.

எடை குறைப்புக்கு இப்போது எல்லோரும் பேசும் செமக்ளூடைடு ஊசி இந்த ஜி.எல்.பி.-1 ஹார்மோனின் சாயலில் செய்யப்பட்டதுதான். உடனே "முட்டை சாப்பிட்டால் இயற்கையாகவே அந்த ஊசியின் பலன்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. நம்ப வேண்டாம். உடம்பு சுரக்கும் ஜி.எல்.பி.-1 சில நிமிஷங்களில் சிதைந்துவிடும். ஊசி மருந்து ஒரு வாரம் நிற்கும்படி வடிவமைக்கப்பட்டது.

புரதத்தின் பசியடக்கும் வேலை எவ்வளவு பெரியது என்பதைக் காட்ட 2005இல் அமெரிக்காவின் சியாட்டிலில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்லலாம். 19 பேர்தான். முதலில் அவர்களுடைய உணவில் 15 சதவீதம் புரதம், 35 சதவீதம் கொழுப்பு, 50 சதவீதம் மாவுச்சத்து. அப்புறம் புரதத்தை 30 சதவீதமாக்கி, கொழுப்பை 20 சதவீதமாகக் குறைத்தார்கள். முதல் இரண்டு வாரம் மொத்தக் கலோரியை மாற்றாமல் கொடுத்தபோதே வயிறு நிறைந்த உணர்வு கூடியதாகச் சொன்னார்கள். அடுத்த 12 வாரம் "பசிக்கிற அளவு சாப்பிடுங்கள், மிச்சத்தை வைத்துவிடுங்கள்" என்று விட்டுவிட்டார்கள். யாரும் கட்டுப்படுத்தாமலேயே தினமும் சராசரியாக 441 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். எடை சராசரியாக 4.9 கிலோ குறைந்தது.

சின்ன ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக் குழுவும் கிடையாது. அதனால் 441 என்ற எண்ணைக் கல்லில் செதுக்கிக்கொள்ள வேண்டாம். ஆனால் நம் கமிஷன் கணக்கில் வந்த 51 கலோரியை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணிசமான வேலை நடப்பது சாப்பாட்டுத் தட்டில்தான், உடம்பின் அடுப்பில் இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வில் மாவுச்சத்து கடைசி வரை 50 சதவீதத்திலேயே இருந்தது. அதில் கை வைக்கவே இல்லை.

இதற்கு ஒரு படி மேலே போய், ஸ்டீபன் சிம்சன், டேவிட் ரௌபென்ஹைமர் என்ற இரு விஞ்ஞானிகள் அதே 2005இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். வெட்டுக்கிளிகளை வைத்து வருஷக்கணக்கில் ஆய்வு செய்தவர்கள் இவர்கள். தீனியில் புரதத்தின் விகிதத்தைக் குறைத்தால் வெட்டுக்கிளி தனக்கு வேண்டிய புரதம் கிடைக்கும்வரை தின்றுகொண்டே இருக்கும். அந்த ஓட்டத்தில் மாவுச்சத்து தேவைக்கு மேல் உள்ளே போய்விடும். மனிதர்களும் ஓரளவு இப்படித்தான் என்கிறார்கள் இவர்கள். சாப்பாட்டில் புரதம் நீர்த்துப்போனால், அந்தக் குறையை ஈடுகட்டப் போய் மொத்தத்தில் அதிகம் சாப்பிட்டுவிடுகிறோம். எல்லோரும் ஒப்புக்கொண்ட கோட்பாடு இல்லை என்றாலும், மிக்சர் தட்டின் முன்னால் உட்கார்ந்து நிறுத்த முடியாமல் தவித்தவர்களுக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம்.

உருளைக்கிழங்கு முதலிடம்

இவ்வளவு படித்ததும் "அப்ப சோற்றை விட்டுவிட வேண்டியதுதான்" என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

1995இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசானா ஹோல்ட்டும் சக ஆய்வாளர்களும் 38 உணவுகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றிலும் சரியாக 240 கலோரி வரும்படி அளந்து, தனித்தனி நாட்களில் ஆட்களுக்குக் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்குப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பசி எப்படி இருக்கிறது என்று கேட்டுக் குறித்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்து மற்றதை அதோடு ஒப்பிட்டார்கள்.

முதலிடம் முட்டைக்கு இல்லை, மாட்டிறைச்சிக்கும் இல்லை. வேகவைத்த உருளைக்கிழங்குக்கு, 323. இரண்டாவது மீன், 225. ஓட்ஸ் கஞ்சி 209, ஆரஞ்சு 202, ஆப்பிள் 197. மாட்டிறைச்சி 176, முட்டை 150. வெள்ளை அரிசிச் சோறு 138, பருப்பு 133. வேர்க்கடலையோ, இவ்வளவு புரதம் இருந்தும் 84தான், வெள்ளை ரொட்டியை விடக் கீழே. கேக் 65. கடைசி இடம், வெண்ணெய் மடித்துச் செய்யும் குரோசான் ரொட்டிக்கு, 47.

முழுக்க மாவுச்சத்தான உருளைக்கிழங்கு எப்படி முதலில் வந்தது? அதில் பெரும்பகுதி தண்ணீர். 240 கலோரிக்கு கிட்டத்தட்ட 300 கிராம் சாப்பிட வேண்டும். அதே 240 கலோரிக்கு வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, 40 கிராம் சொச்சம். இரைப்பை விரிகிற விஷயத்தில் இரண்டும் எங்கே, எங்கே! அந்த ஆய்வில் தண்ணீர், நார்ச்சத்து, புரதம் மூன்றும் நிறைவைக் கூட்டின, கொழுப்பு குறைத்தது. ஒரு முன்னெச்சரிக்கை: அது எண்ணெய் சேர்க்காமல் வேகவைத்த கிழங்கு. அதே கிழங்கைச் சீவி எண்ணெயில் பொரித்து சிப்ஸ் ஆக்கினால் தண்ணீர் ஆவியாகி, அந்த இடத்தில் எண்ணெய் ஏறிவிடுகிறது. பட்டியலில் சிப்ஸுக்குக் கிடைத்தது 91.

உருளைக்கிழங்கு ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும் உணவு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சர்க்கரை ஏறும் வேகத்தை அளக்கும் கிளைசீமிக் குறியீட்டை டொரொண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் 1981இல் உருவாக்கினார். சர்க்கரை நோயாளிகளுக்கு அது பயனுள்ள அளவுகோல். ஆனால் கிளைசீமிக் குறியீடு குறைந்தால் பசி தாங்கும், கூடினால் தாங்காது என்று நேர்க்கோடு போட முடியாது. உருளைக்கிழங்கு இரண்டிலும் உச்சத்தில் நிற்கிறது.

அதற்காக சர்க்கரை ஏற்ற இறக்கத்துக்கும் பசிக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 1,070 பேரின் ரத்தச் சர்க்கரையைத் தொடர்ந்து கண்காணித்து 2021இல் வெளியிட்ட முடிவு சுவாரசியமானது. சாப்பிட்டதும் சர்க்கரை எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதை விட, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து அது எவ்வளவு சரிகிறது என்பதுதான் அடுத்த பசியோடு ஒத்துப்போனது. சரிவு பெரிதாக இருந்தவர்கள் மற்றவர்களை விட சராசரியாக அரை மணி நேரம் முன்னதாகவே அடுத்த சாப்பாட்டுக்குப் போனார்கள். ஒரே உணவைச் சாப்பிட்ட இருவருக்கும் சரிவு வேறு வேறாக இருந்தது. எட்டு மணி இட்லிக்குப் பதினொரு மணிக்குப் பசிக்கிற ஆளும் பசிக்காத ஆளும் ஒரே வீட்டில் இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

மாவுச்சத்து எந்த வடிவில் வருகிறது என்பதும் முக்கியம். 1977இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஒரு சோதனை: ஒரே அளவு ஆப்பிளை ஒரு தரம் முழுப் பழமாகவும், ஒரு தரம் மசித்த கூழாகவும், ஒரு தரம் சாறாகவும் கொடுத்தார்கள். சாறு உள்ளே போன வேகம், கடித்துத் தின்பதைப் போலப் பதினோரு மடங்கு. நிறைவு தந்ததில் முழுப்பழம் முதல், கூழ் அடுத்து, சாறு கடைசி. ஜூஸ் கடையில் நாலு சாத்துக்குடியைப் பிழிந்து ஒரே மடக்கில் குடிக்கும்போது நடப்பது இதுதான். நாலு சாத்துக்குடியை உரித்துச் சுளை சுளையாகத் தின்னச் சொன்னால் இரண்டாவதிலேயே போதும் என்போம்.

வேகத்தின் பங்கு 2019இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் நடத்திய ஆய்விலும் தெரிந்தது. 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. பரிமாறிய கலோரி, சர்க்கரை, நார்ச்சத்து, புரதம் எல்லாம் இரண்டிலும் சமமாக வரும்படி பார்த்துக்கொண்டார்கள். ஆலை உணவு வாரங்களில் அவர்கள் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள்; வேகமாகவும் சாப்பிட்டார்கள். கூடுதலாகப் போனது முழுக்க மாவுச்சத்தும் கொழுப்பும்தான், புரதத்தின் அளவு கிட்டத்தட்ட மாறவில்லை. வெட்டுக்கிளிக்காரர்கள் இதைக் காட்டி "நாங்கள் சொன்னோமே" என்று சொல்லிக்கொள்ளலாம்.

சோற்றை நிறுத்தியதும் குறைகிற மூன்று கிலோ

மாவுச்சத்தை அறவே குறைத்தவர்கள் முதல் வாரத்திலேயே இரண்டு மூன்று கிலோ குறைந்ததாகச் சொல்வார்கள். பொய் இல்லை. கல்லீரலிலும் தசையிலும் சேர்ந்து கிடக்கும் கிளைகோஜன் அரை கிலோ வரை இருக்கும். ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். மாவுச்சத்து வராமல் போனதும் அது கரைகிறது, தண்ணீரும் சேர்ந்து போகிறது. கல்யாண வீட்டில் ஒரு நாள் சாப்பிட்டால் திரும்பி வருவதும் அதே தண்ணீர்தான்.

மாவுச்சத்தைக் குறைத்தால் உடம்பு எரிக்கும் அளவே கூடுமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை; சில ஆய்வுகள் கூடும் என்கின்றன, சில மிகக் குறைவு என்கின்றன. நடைமுறையில் கேட்டால், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை ஒரு வருஷம் பின்தொடர்ந்து 2018இல் வெளியான ஆய்வு போதும் என்று நினைக்கிறேன். பாதிப் பேர் கொழுப்பைக் குறைத்தார்கள், பாதிப் பேர் மாவுச்சத்தைக் குறைத்தார்கள். வருஷ முடிவில் குறைந்த எடை 5.3 கிலோ, 6.0 கிலோ. புள்ளியியல்படி வித்தியாசமே இல்லை. இரண்டு குழுவுக்கும் பொதுவாகச் சொல்லியிருந்தது: காய்கறி நிறைய, சர்க்கரையும் மைதாவும் குறைவு, முடிந்தவரை வீட்டுச் சமையல்.

மறுபடி அடுப்படிக்கு

இட்லி மாவைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து என்று எடையில் வைத்துக்கொண்டால், 100 கிராம் உலர் பொருளில் 80 கிராம் அரிசி, 20 கிராம் உளுந்து. அரிசியில் நூற்றுக்கு 8 கிராம் புரதம், உளுந்தில் 23. ஆக 6.4 கூட்டல் 4.6, மொத்தம் 11 கிராம். நாலு இட்லிக்கு உலர் பொருள் 70 கிராம் போனால் புரதம் 7, 8 கிராம்தான் தேறும்.

அடைக்கு அரிசி பாதி, துவரை, கடலை, உளுந்து சேர்ந்த பருப்பு பாதி. நூறு கிராமில் 15 கிராம் புரதம். இரண்டு அடைக்கு 80 கிராம் என்றால் 12 கிராம்; தயிர்க் கிண்ணம் ஒரு 3 கிராம் சேர்க்கும். 15 கிராம், இட்லியைப் போல இரட்டிப்பு. அதோடு பருப்பின் நார்ச்சத்து. அப்புறம் அடை மாவைக் கொரகொரவென்று அரைக்கிறோம், மெல்ல வேண்டியிருக்கிறது. இட்லி மாவை வெண்ணெயாக அரைத்துப் புளிக்கவைத்து ஆவியில் வேகவைக்கிறோம். வாயில் போட்டால் கரைகிறது. கரைவதுதான் நல்ல இட்லிக்கு அழகு, அதைக் குறை சொல்ல மனசு வரவில்லை. எண்ணெய் இல்லை, தண்ணீர் நிறைய இருக்கிறது, இவையெல்லாம் இட்லியின் பக்கம்.

அதனால் இட்லியை விட வேண்டாம், துணையை மாற்றலாம். ஒரு இட்லியைக் குறைத்து இரண்டு முட்டை வைத்தால் முட்டையிலிருந்து மட்டும் 12 கிராம் புரதம் வரும். முட்டை சாப்பிடாதவர்களுக்கு கெட்டிச் சாம்பார். கெட்டி என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஹோட்டல் சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வீட்டிலும் ஆளுக்கு 10 கிராம் துவரம்பருப்பு போட்டால் கிடைப்பது 2 கிராம் புரதம்தான். 30 கிராம் போட்டால் ஆறரை. மாலையில் 30 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் கிட்டத்தட்ட 6 கிராம். நார்ச்சத்தும் தண்ணீரும் சேர்ந்தே வரும். அது பிஸ்கட்டை விடப் பல மடங்கு தாங்கும்.

சிறுதானியத்தில் புரதம் கொட்டிக்கிடக்கிறது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கேழ்வரகில் நூறு கிராமுக்குச் சுமார் 7 கிராம் புரதம், அரிசியை விட ஒரு துளி குறைவு. அதன் பலம் நார்ச்சத்து: அரிசியில் 3 கிராம் கூட இல்லாத இடத்தில் கேழ்வரகில் 11. களியாகக் கிண்டிச் சாப்பிட்டால் வயிற்றில் நிற்பதன் ரகசியம் அதுவும் அதன் கெட்டித்தன்மையும்தான்.

கடையில் "புரதம் நிறைந்தது" என்று எழுதிய பாக்கெட்டை எடுத்தால் பின்பக்கம் திருப்பி ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். புரதக் கிராமை 4ஆல் பெருக்கி, கலோரியால் வகுக்க வேண்டும். 100 கிராமில் 10 கிராம் புரதம், 450 கலோரி என்றால், 40 வகுத்தல் 450, ஒன்பது சதவீதம். இட்லி மாவே 12 சதவீதத்துக்கு மேல் வரும். அந்தப் பிஸ்கட்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பது உங்கள் இஷ்டம்.

நாம் மொத்தத்தில் எங்கே நிற்கிறோம்? சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2025இல் வெளியானது. அதன்படி இந்தியர்களின் கலோரியில் சராசரியாக 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, அதிலும் பெரும்பங்கு வெள்ளை அரிசி, மாவாக அரைத்த தானியங்கள், சர்க்கரை. புரதம் 12 சதவீதம். கலோரியில் வெறும் 5 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து பருப்பு அல்லது பால் வகைப் புரதத்துக்கு மாற்றினாலே சர்க்கரை நோய் வருகிற வாய்ப்பு குறைவதாக அவர்களுடைய கணிப்பு. 2,000 கலோரியில் 5 சதவீதம் என்பது 100 கலோரி, 25 கிராம் புரதம். மேலே சொன்ன இரண்டு முட்டையும் சுண்டலும் கெட்டிச் சாம்பாரும் சேர்ந்தால் அது வந்துவிடும். முட்டைக்குப் பதில் தயிரும் பனீரும் எடுத்தாலும் சரி.

ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் வேண்டும் என்பதற்கு ஐ.சி.எம்.ஆர். சொல்வது, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். அறுபது கிலோ ஆளுக்கு 50 கிராம். எடை குறைக்கிறவர்கள் தசை கரையாமல் இருக்க 1.2 கிராம் வரை போவது வழக்கம். அதை ராத்திரி ஒரே வேளையில் பிரியாணியோடு முடித்துவிடாமல், காலைக்கும் கொஞ்சம் ஒதுக்கினால் பதினொரு மணிப் பசிக்கு நேரடிப் பலன் உண்டு. நம் வீடுகளில் காலை உணவில்தான் புரதம் மிகக் குறைவு.

மதியச் சாப்பாட்டில் செலவில்லாமல் செய்யக்கூடியது வரிசையை மாற்றுவது. காய், கூட்டு, மீன் அல்லது முட்டையை முதலில் முடித்துவிட்டு அப்புறம் சோற்றில் கை வைத்தால், சாப்பிட்ட பின் சர்க்கரை ஏறும் உயரம் குறைகிறது என்று நியூயார்க்கில் சர்க்கரை நோயாளிகளிடம் நடத்திய சிறு ஆய்வு ஒன்று 2015இல் காட்டியது. இலையில் சோறு விழும்வரை காத்திருந்து பழகிய நமக்கு முதலில் விசித்திரமாகத்தான் இருக்கும்.

இதையெல்லாம் அப்படியே செய்யக்கூடாதவர்கள் இரண்டு வகை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரத அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மிஞ்சிய நைட்ரஜனை வெளியேற்றும் வேலை சிறுநீரகத்தின் தலையில்தான் விழுகிறது. இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை ஒரேயடியாகத் தாழ்ந்து மயக்கம் வரலாம். மருந்தின் அளவைப் பேசி முடிவு செய்த பிறகு தட்டை மாற்றுங்கள்.